வாடகை இடத்தில் வாக்களித்த வசதிகள் இல்லாமையும் உரிமையாளரின் இழப்பீட்டுப் பொறுப்பும்

வீடு, கடை, தொழிற்கூடம் போன்ற இடங்களை வாடகைக்கு விடும்போது தண்ணீர், மின்சாரம், மின்தூக்கி, வாகன நிறுத்துமிடம் முதலிய வசதிகளைத் தருவதாக உரிமையாளர் ஒப்புக்கொள்வது வழக்கம். அந்த வசதி கிடைக்காமல் போனால் வாடகைதாரருக்கு ஏற்படும் இழப்பை யார் ஏற்பது என்ற கேள்வி எழுகிறது. இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872), சொத்து மாற்றுச் சட்டம் (1882), மாநிலங்களின் வாடகைச் சட்டங்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே விடை காணவேண்டும்.

பெரும்பாலான வழக்குகளின் முடிவு இரண்டு கேள்விகளைச் சார்ந்தது. ஒன்று, அந்த வசதியைத் தருவதாக உரிமையாளர் உண்மையில் வாக்களித்தாரா என்பது. மற்றொன்று, வசதி இல்லாவிட்டால் இத்தகைய இழப்பு வரும் என்பது ஒப்பந்தம் செய்தபோதே அவருக்குத் தெரிந்திருந்ததா என்பது. இரண்டுக்கும் சான்று வைத்திருக்கும் வாடகைதாரர் இழப்பீடு பெற முடியும். சான்று இல்லாமல் கோபத்தில் வாடகையை நிறுத்திவிடுபவர், நியாயம் தன் பக்கம் இருந்தும் இடத்தை இழக்க நேரலாம்.

சட்ட அடிப்படை

சொத்து மாற்றுச் சட்டத்தின் 105 முதல் 117 வரையுள்ள பிரிவுகள் குத்தகை பற்றியவை. வாடகை ஒப்பந்தமும் சட்டத்தின் பார்வையில் ஒரு குத்தகையே. உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் கடமைகளையும் 108ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. ஒப்பந்தத்திலோ உள்ளூர் வழக்கத்திலோ வேறுவிதமாக இல்லாதபோது மட்டுமே இவை பொருந்தும். வசதிகள் தொடர்பான சிக்கலில் இப்பிரிவின் மூன்று விதிகள் முக்கியமானவை.

முதலாவது, குறையை வெளிப்படுத்தும் கடமை. இடத்தை எந்த நோக்கத்துக்கு வாடகைக்கு எடுக்கிறார்களோ அந்த நோக்கத்தைப் பாதிக்கும் முக்கியமான குறை உரிமையாளருக்குத் தெரிந்திருக்கலாம். வாடகைதாரர் சாதாரண கவனத்துடன் பார்த்தாலும் அது கண்ணில் படாததாக இருக்கலாம். அத்தகைய குறையை உரிமையாளர் சொல்லியாக வேண்டும். டிசம்பரில் வீடு பார்க்க வருபவருக்குக் குழாயில் தண்ணீர் கொட்டும். ஆழ்துளைக் கிணறு ஒவ்வொரு சித்திரையிலும் வற்றிவிடும் என்பது உரிமையாளருக்கு மட்டுமே தெரியும். இது மறைந்த குறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. மாறாக, கட்டடத்தில் மின்தூக்கியே இல்லை என்பது நுழைந்தவுடன் தெரியும். அதை வெளிப்படுத்தவில்லை என்று பிறகு குறைசொல்ல முடியாது.

இரண்டாவது, இடையூறற்ற அனுபவம். வாடகையைச் செலுத்தித் தன் கடமைகளை நிறைவேற்றும்வரை வாடகைதாரர் இடையூறின்றி இடத்தை அனுபவிக்கலாம் என்பது, எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் இருப்பதாகவே கொள்ளப்படும். ஏற்கெனவே இருந்த தண்ணீர்க் குழாயை அடைப்பதும், மின் இணைப்பைத் துண்டிப்பதும் இந்த உறுதியை மீறும் செயல்களாக அமையலாம்.

மூன்றாவது, பழுதுபார்க்கும் உரிமை. உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யவில்லை என்றால் வாடகைதாரரே செய்துகொள்ளலாம். செலவை வட்டியுடன் வாடகையில் கழிக்கலாம், அல்லது வேறு வழியில் வசூலிக்கலாம். இங்கே கவனிக்கவேண்டிய சொல் ‘கடமைப்பட்ட’ என்பதாகும். எல்லாப் பழுதுகளையும் உரிமையாளரே பார்க்கவேண்டும் என்று இச்சட்டம் சொல்லவில்லை. கடமை எங்கிருந்து வந்தது என்பதை ஒப்பந்தத்திலோ மாநிலச் சட்டத்திலோ காட்டவேண்டும்.

வாக்குறுதி மீறப்பட்டதற்கான இழப்பீடு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவிலிருந்து வருகிறது. பொய்யான தகவலை நம்பி ஒப்பந்தம் செய்தவர் அதிலிருந்து விலகும் உரிமையை அச்சட்டத்தின் 17, 18, 19ஆம் பிரிவுகள் தருகின்றன. முறைப்படி ஒப்பந்தத்தை விலக்கிக்கொண்டவர், அது நிறைவேறாததால் அடைந்த நட்டத்துக்கு இழப்பீடு கேட்கலாம் என்கிறது 75ஆம் பிரிவு.

எது வாக்குறுதி?

ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதப்பட்ட வசதி பற்றி ஐயம் எழுவதில்லை. ‘மும்முனை மின் இணைப்பு உரிமையாளர் செலவில் 30 நாட்களுக்குள் பெற்றுத் தரப்படும்’ என்று எழுதியிருந்தால், 31ஆம் நாளில் அது மீறலாகிறது. ‘எல்லா வசதிகளும் உண்டு’ என்ற பொதுச் சொல் அவ்வளவு உதவாது. எந்த வசதி, எந்த அளவில், எந்தத் தேதியிலிருந்து என்பது அதில் இல்லை.

விளம்பரத்திலும் தரகர் வாயிலாகவும் சொல்லப்பட்டவை அடுத்த நிலையில் உள்ளன. ‘காற்றோட்டமான, அருமையான வீடு’ என்பது விற்பனைப் புகழ்ச்சி. ‘24 மணி நேரமும் தண்ணீர்’, ‘ஜெனரேட்டர் உண்டு’ என்பவை சரியா தவறா என்று சோதிக்கக்கூடிய செய்திகள். இத்தகைய செய்தி பொய்யாக இருந்து, அதை நம்பியே வாடகைதாரர் ஒப்பந்தம் செய்திருந்தால் அது தவறான எடுத்துரைப்பு ஆகலாம். பொய் என்று தெரிந்தே சொல்லியிருந்தால் மோசடி ஆகலாம். எனினும் 19ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. தெரியாமல் சொன்ன தவறான செய்தியாகவோ, மோசடியாகக் கருதத்தக்க மௌனமாகவோ இருந்து, வாடகைதாரர் சாதாரண கவனத்துடன் உண்மையைக் கண்டறிந்திருக்க முடியும் என்றால் ஒப்பந்தத்தை விலக்க முடியாது.

வாய்மொழி வாக்குறுதிதான் மிகுந்த தகராறுக்கு இடமளிக்கிறது. பத்திரத்தில் எழுதிய நிபந்தனையை வாய்ச்சொல்லால் மாற்ற முடியாது என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. பழைய இந்திய சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்திலும் தொடர்கிறது. ஆனால் பத்திரம் பேசாமல் விட்ட ஒரு பொருளைப் பற்றி, அதன் நிபந்தனைகளுக்கு முரண்படாத தனி வாய்மொழி உடன்பாடு இருந்ததைக் காட்டலாம். மோசடியை மெய்ப்பிக்கவும் வாய்மொழிச் சாட்சியம் அனுமதிக்கப்படும். இடத்தைப் பார்த்த நாளில் நடந்த பேச்சை அன்று மாலையே ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பி, உரிமையாளரின் ‘சரி’ என்ற பதிலைப் பெற்றுக்கொள்வது பின்னாளில் பெருந்துணையாகும்.

இழப்பீட்டின் எல்லை

வாக்குறுதி மீறப்பட்டது என்று மெய்ப்பித்தால் மட்டும் எல்லா இழப்பையும் கேட்டுவிட முடியாது. 73ஆம் பிரிவு இரண்டு வகை இழப்புகளுக்கே இழப்பீடு தருகிறது. அத்தகைய மீறலால் இயல்பாக விளையக்கூடிய இழப்பு ஒன்று. இப்படி மீறினால் இந்த இழப்பு வரக்கூடும் என்று ஒப்பந்தம் செய்தபோது இரு தரப்பினரும் அறிந்திருந்த இழப்பு மற்றொன்று. தொலைவான, மறைமுகமான இழப்புக்கு இழப்பீடு இல்லை.

இக்கொள்கையின் மூலம் 1854ஆம் ஆண்டின் ஆட்லி எதிர் பாக்செண்டேல் என்ற ஆங்கிலேய வழக்கு. குளோஸ்டர் நகரில் ஓர் ஆலையின் சுழல்தண்டு உடைந்தது. புதியது செய்வதற்கு மாதிரியாக அதை எடுத்துச்சென்ற சரக்குக்காரர் தாமதித்தார். ஆலை நின்றுபோனதால் போன இலாபத்தை ஆலைக்காரர் கேட்டார். தாமதித்தால் ஆலை முழுவதும் நிற்கும் என்பது சரக்குக்காரர் அறிந்திருக்கக்கூடிய செய்தி அல்ல என்று சொல்லி நீதிமன்றம் அதை மறுத்தது.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவுக்குத் தந்துள்ள எடுத்துக்காட்டுகளில் ஒன்று இதை மேலும் தெளிவாக்குகிறது. எந்திரம் வராததால் ஆலை நின்றிருக்கிறது என்று சொல்லியே ஒருவர் எந்திரத்தைச் சரக்குக்காரரிடம் ஒப்படைக்கிறார். எந்திரம் தாமதமாக வருகிறது. அதற்குள் ஆலைக்காரர் இலாபம் தரக்கூடிய அரசாங்க ஒப்பந்தம் ஒன்றை இழக்கிறார். தாமதமான நாட்களுக்கு ஆலை ஓடியிருந்தால் வந்திருக்கும் சராசரி இலாபம் அவருக்குக் கிடைக்கும். அரசாங்க ஒப்பந்தம் போனதால் வந்த நட்டம் கிடைக்காது.

வாடகை இடத்துக்கும் இதே அளவுகோல்தான். மருந்துக் கிடங்குக்கு இடம் தேடுகிறார் என்று தெரிந்தே குளிர்சாதன வசதிக்கு வாக்களித்தவர், மருந்து கெட்டுப்போனதற்குப் பொறுப்பாகலாம். ‘கடை வைக்க இடம் வேண்டும்’ என்று மட்டும் கேட்டவருக்கு இடம் கொடுத்தவர் அந்த அளவுக்குப் பொறுப்பாகமாட்டார்.

மன உளைச்சலுக்கான இழப்பீடு ஒப்பந்த வழக்குகளில் எளிதில் கிடைப்பதில்லை. காசியாபாத் வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், சாதாரண வணிக ஒப்பந்தம் மீறப்பட்டதற்கு மன வேதனையை இழப்பீட்டுத் தலைப்பாகச் சேர்ப்பது வழக்கமல்ல என்ற நிலைப்பாட்டை எடுத்தது.

ஒரு கணக்கு

இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படும் என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் காணலாம். திருப்பூரில் ஒருவர் பவர்டேபிள் தையல் கூடம் நடத்த மாதம் 40,000 ரூபாய் வாடகைக்கு ஓர் இடம் எடுக்கிறார். தையல் எந்திரங்கள் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டுள்ளது. முதல் நாளிலேயே இணைப்பு இருக்கும் என்று உரிமையாளர் வாக்களிக்கிறார். இரண்டு மாதம் கழித்தே இணைப்பு வருகிறது.

கூடம் ஓடினால் மற்றச் செலவுகள் போக மாதம் 1,50,000 ரூபாய் மிஞ்சும். அதில் வாடகை 40,000, கூலி 60,000 போக நிகர இலாபம் 50,000. இரண்டு மாதம் கூடம் பூட்டிக் கிடந்தது. வாடகையும் கட்டினார், ஆட்கள் வேறிடம் போய்விடக்கூடாது என்று கூலியும் கொடுத்தார்.

கூடம் ஓடியிருந்தால் இரண்டு மாதத்தில் அவர் கையில் 1,00,000 ரூபாய் நின்றிருக்கும். உண்மையில் கையிலிருந்து 2,00,000 ரூபாய் போயிற்று. ஆகவே இழப்பு 3,00,000. இதை வீண்போன வாடகை 80,000, வீண்போன கூலி 1,20,000, நிகர இலாபம் 1,00,000 என்று பிரித்துக் கேட்கலாம். அல்லது வாடகையும் கூலியும் கழிக்குமுன் உள்ள வருவாய் 3,00,000 என்று ஒரே தொகையாகவும் கேட்கலாம். இந்த 3,00,000 ரூபாயையும் கேட்டு, அதன்மேல் வாடகையைத் திருப்பித் தரும்படியும் கேட்டால் அது ஒரே இழப்பை இருமுறை கேட்பதாகும். ஆட்களுக்கு வேலை இல்லாத நாட்களில் கூலி கொடுக்கவில்லை என்றால் அந்த 1,20,000 மிச்சமாகிறது. அப்போது இழப்பு 1,80,000 மட்டுமே.

அந்த இரண்டு மாதத்தில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் பெரிய ஆர்டர் கைநழுவிப்போயிருந்தால், உரிமையாளருக்கு அது முன்பே தெரிந்திருந்தாலொழிய அந்த நட்டத்தைக் கேட்பது கடினம். ஆலைக்காரர் இழந்த அரசாங்க ஒப்பந்தத்தின் நிலைதான் இதற்கும்.

இழப்பைக் குறைக்கும் பொறுப்பு

மேலே கண்ட கணக்கில் உரிமையாளர் தரப்பு ஒரு கேள்வி கேட்கும்: ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து ஓட்டியிருக்கலாமே? 73ஆம் பிரிவின் விளக்கம் இந்தக் கேள்விக்கு இடம் தருகிறது. வாக்குறுதி நிறைவேறாததால் வந்த இடையூறைச் சரிசெய்ய என்ன வழிகள் இருந்தன என்பதையும் இழப்பை மதிப்பிடும்போது கணக்கில் எடுக்கவேண்டும் என்கிறது அது. டீசலும் வாடகையும் சேர்த்து மாதம் 45,000 ரூபாய் கூடுதல் செலவில் கூடத்தை ஓட்டியிருக்க முடியும் என்றால், இரண்டு மாத இழப்பு 90,000 ரூபாயாகவே மதிப்பிடப்படலாம். 3,00,000 கேட்டவருக்கு மீதி கிடைக்காது.

வாடகைதாரர் செய்யவேண்டியது நியாயமான முயற்சி மட்டுமே. கையில் பணமில்லாதவர் கடன்வாங்கிப் பெருஞ்செலவு செய்யவேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் சும்மா இருக்கவும் கூடாது. ஜெனரேட்டருக்கு விலைகேட்ட கடிதம், டேங்கர் தண்ணீர் ரசீது, வேறு இடம் தேடிய விவரம் ஆகியவை முயற்சியைக் காட்டும் சான்றுகள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை வாடகைதாரருக்கு நேரடி உரிமையும் உண்டு. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, இடத்தின் உரிமையாளர் மட்டுமன்றி அதில் குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் மின் வழங்கல் நிறுவனம் இணைப்புத் தரவேண்டும் என்கிறது. மின்சாரம் அடிப்படை வசதி. உரிமையாளர் தடையின்மைச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு அதை மறுக்கக்கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

வாடகையை நிறுத்திவிடலாமா?

வசதி இல்லை என்றதும் பலர் முதலில் செய்வது வாடகையை நிறுத்துவது. சட்டப்படி இதுவே மிகவும் ஆபத்தான வழி.

கொல்கத்தாவின் ஸ்டீபன் கோர்ட் நிறுவனம் தொடர்பாக 1966ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு இதில் வழிகாட்டி. அடுக்ககம் ஒன்றை வாடகைக்கு விட்ட அந்நிறுவனம் அதில் ஒரு படுக்கையறையை ஒப்படைக்கவில்லை. வாடகைதாரர் முழு வாடகையையும் நிறுத்தி வைக்கத் தமக்கு உரிமை உண்டு என்றார். வாடகையை முழுதும் நிறுத்தலாமா, அல்லது கிடைத்த இடத்துக்கு ஏற்ற பங்கைச் செலுத்தவேண்டுமா என்பது அந்தந்த வழக்கின் சூழலைப் பொறுத்தது என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் வாடகையை நிறுத்த உரிமை இல்லை. விகிதப்படியான பங்கைச் செலுத்தவேண்டும் என்று முடிவாயிற்று. மற்ற அறைகளில் வாழ்ந்துகொண்டே ஒன்றும் தராமல் இருப்பது நியாயமாகாது என்பதே இதன் சாரம்.

தமிழ்நாட்டின் இன்றைய சட்டத்தில் இரண்டு மாத வாடகை பாக்கியும், கோரிக்கை அறிவிப்புக்குப் பிறகும் அதைச் செலுத்தாமையும் இடத்தைத் திரும்பப் பெறுவதற்கான காரணங்களில் ஒன்று. ஆகவே வசதி இல்லாத குறைக்காக வாடகையை நிறுத்தும் வாடகைதாரர், உரிமையாளருக்கு எதிராகத் தொடுக்கவேண்டிய வழக்கைத் தமக்கு எதிரான வெளியேற்ற வழக்காக மாற்றிக்கொள்கிறார். வாடகையை வங்கி வழியாகச் செலுத்திக்கொண்டே, ‘உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்’ என்று எழுத்தில் தெரிவித்துவிட்டு, இழப்பீட்டைத் தனியே கேட்பதே பாதுகாப்பான முறை.

தமிழ்நாட்டுச் சட்டம்

1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டத்துக்குப் பதிலாக, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டது. இது 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யப்பட வேண்டும் என்று இது கோருகிறது. வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்ற மூன்று அடுக்குகளையும் ஏற்படுத்தியுள்ளது.

எந்தப் பழுது யாருடைய பொறுப்பு என்பதை இச்சட்டத்தின் அட்டவணை பிரித்துக் காட்டுகிறது. கட்டட அமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், தேவையானபோது குழாய்களை மாற்றுதல், மின்கம்பிப் பராமரிப்பு முதலியவை உரிமையாளருடையவை. தண்ணீர்க் குழாய்த் திருகு, வாஷர், சுவிட்ச், பூட்டு, சன்னல் கண்ணாடி போன்ற அன்றாடப் பழுதுகள் வாடகைதாரருடையவை. ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாதபோது இந்தப் பட்டியலே அடிப்படை.

தண்ணீர், மின்சாரம், பொது வழியிலும் மாடிப்படியிலும் விளக்கு, மின்தூக்கி, துப்புரவு, வாகன நிறுத்துமிடம் போன்ற இன்றியமையாச் சேவைகளைத் துண்டிப்பதையும் தடுத்து வைப்பதையும் இச்சட்டம் தடைசெய்கிறது. அப்படி நடந்தால் வாடகைதாரர் வாடகை அதிகாரியை அணுகலாம். விசாரணை முடியும்முன்பே சேவையை மீண்டும் அளிக்க அவர் இடைக்கால உத்தரவிடலாம்.

ஒரு வேறுபாடு இங்கே முக்கியம். இருந்த சேவையைத் துண்டிப்பது வேறு. வாக்களித்த வசதியைத் தொடக்கத்திலிருந்தே தராமல் இருப்பது வேறு. முன்னதற்கு வாடகை அதிகாரியிடம் விரைவான நிவாரணம் உண்டு. பின்னது பெரும்பாலும் ஒப்பந்த மீறலாகவே பார்க்கப்படும். அதில் வாக்குறுதியின் சொற்களே முடிவைத் தீர்மானிக்கும்.

உரிமையாளரின் எதிர்வாதங்கள்

‘உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள்ளப்பட்டது’ என்ற வாசகம் பல ஒப்பந்தங்களில் உண்டு. கண்ணுக்குத் தெரியும் நிலை பற்றிய புகாரை இது பலவீனமாக்கும். தனியாக எழுதிக்கொடுத்த வாக்குறுதியையோ மோசடியையோ இது துடைத்துவிடாது.

வசதி மூன்றாம் தரப்பினரைச் சார்ந்தது என்பது மற்றொரு வாதம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வற்றிப்போயின. குழாய் இணைப்புக்கு மட்டும் வாக்களித்த உரிமையாளர், இணைப்பு இருக்கிறது, தண்ணீர் வராதது தம் தவறல்ல என்று சொல்லலாம். 24 மணி நேரத் தண்ணீருக்கு வாக்களித்தவருக்கு இந்த வாதம் அவ்வளவு எளிதல்ல. டேங்கர் லாரியில் வாங்கியாவது தரவேண்டும் என்பது அவர் ஏற்ற பொறுப்பின் பகுதியாகப் பார்க்கப்படலாம். இணைப்புக்கு வாக்களித்தாரா, வழங்கலுக்கு வாக்களித்தாரா என்பதே கேள்வி.

வெள்ளம், தீ, புயல் போன்றவற்றால் இடத்தின் முக்கியப் பகுதி அழிந்தாலோ, எடுத்த நோக்கத்துக்குப் பெருமளவிலும் நிரந்தரமாகவும் பயன்படாமல் போனாலோ, வாடகைதாரர் விரும்பினால் குத்தகையைச் செல்லாததாக்கலாம் என்கிறது 108ஆம் பிரிவு. சில நாள் தண்ணீர் தேங்கி வடிந்தது இதில் அடங்காது. ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாததாகிவிட்டது என்ற 56ஆம் பிரிவின் வாதமும் நடப்பிலுள்ள குத்தகைக்குப் பொருந்தாது. நாட்டுப் பிரிவினையால் பாகிஸ்தானுக்குள் போய்விட்ட நிலத்தின் குத்தகைப் பணத்தைத் திருப்பிக் கேட்ட வழக்கில் 1968இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

வேறு நாடுகளில்

வாக்குறுதி எழுத்தில் இல்லாதபோதும் குறைந்தபட்ச வசதிகளைச் சட்டமே ஒப்பந்தத்துக்குள் வாசிக்கலாம் என்ற கருத்து வேறு நாடுகளில் வளர்ந்துள்ளது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகர மன்றம் எதிர் இர்வின் வழக்கில், 15 மாடிக் குடியிருப்பில் மின்தூக்கி அடிக்கடி பழுதானது. மாடிப்படிகள் இருண்டு கிடந்தன. குப்பைக் குழாய்கள் அடைத்துக்கொண்டன. குடியிருந்தோர் வாடகையை நிறுத்தினர். அவர்கள் கையெழுத்திட்ட படிவத்தில் வாடகைதாரரின் கடமைகளே இருந்தன. நகர மன்றத்தின் கடமைகள் எதுவும் இல்லை. பொதுப் பகுதிகளை நியாயமான நிலையில் வைத்திருக்க உரிமையாளர் நியாயமான கவனம் செலுத்தவேண்டும் என்பது உட்கிடையான நிபந்தனை என்று 1976இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. ஆயினும் நகர மன்றம் அந்தக் கவனத்தைச் செலுத்தியது என்று கண்டதால் குடியிருந்தோருக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. கொள்கையில் வென்றும் வழக்கில் தோற்கலாம் என்பதற்கு இது சான்று. இங்கிலாந்தில் பின்னர் வந்த 2018ஆம் ஆண்டுச் சட்டம், வாடகை வீடு மனிதர் வாழத் தகுதியானதாக இருக்கவேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் பகுதியாகவே ஆக்கியது.

அமெரிக்காவில் வாசிங்டன் நகரின் கிளிஃப்டன் டெரசு குடியிருப்பு பற்றிய சேவின்சு வழக்கில் (1970), வாழத்தகுந்த நிலையில் வீட்டை வைத்திருப்பதும் வாடகை செலுத்துவதும் ஒன்றையொன்று சார்ந்த கடமைகள் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அங்கே வாடகை பாக்கிக்கான வழக்கிலேயே வீட்டின் குறைகளை எதிர்வாதமாக வைக்க வழி பிறந்தது.

மன்றமும் காலவரம்பும்

ஒப்பந்த மீறலுக்கான இழப்பீட்டு வழக்கை மீறல் நிகழ்ந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்கவேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் பொருள்களில் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் விலக்கப்பட்டுள்ளது. ஆகவே கேட்கும் நிவாரணம் வாடகை அதிகாரியிடமோ வாடகை நீதிமன்றத்திடமோ கிடைக்கக்கூடியதா என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

விடுதிகளின் நிலை சற்று வேறு. உணவும் தங்குமிடமும் அளிப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘சேவை’ என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே வருகிறது. எனவே கட்டண விடுதியில் தங்கும் மாணவரும் பணியாளரும் வாக்களித்த வசதி இல்லை என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். வெறும் இடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்தவருக்கு, குறிப்பாக வணிக நோக்கில் எடுத்தவருக்கு, இந்த வழி எளிதாகத் திறப்பதில்லை.

சான்றும் எழுத்தும்

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்வது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி கட்டாயம். இதைத் தவிர்க்கவே 11 மாத ஒப்பந்தம் என்ற வழக்கம் பரவியது. அச்சடித்த படிவத்தில் பெயரையும் தொகையையும் மட்டும் நிரப்பும் இத்தகைய பத்திரங்களில் வசதிகள் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. தகராறு வரும்போது வாடகைதாரர் தடுமாறுவது இதனால்தான்.

வாடகை ஒப்பந்தத்தில் ஐந்து செய்திகள் எழுதப்பட்டிருப்பது நல்லது: இடத்தை எடுக்கும் நோக்கம், தரப்படும் ஒவ்வொரு வசதியும் அதன் அளவும், அது கிடைக்கவேண்டிய தேதி, கிடைக்காத நாட்களுக்கு வாடகையில் எவ்வளவு குறையும், எத்தனை நாளுக்குப் பிறகு வாடகைதாரர் முன்பணத்தை முழுதும் திரும்பப் பெற்று வெளியேறலாம். நாளொன்றுக்கு இவ்வளவு என்று இழப்பீட்டைக் குறித்துவைத்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி அத்தொகை உச்சவரம்பாக அமையும். அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டை நீதிமன்றம் வழங்கும்.

வசதி இல்லை என்று தெரிந்தவுடன் தேதியிட்ட எழுத்து அறிவிப்பு, புகைப்படம், மாற்று ஏற்பாட்டுக்கான ரசீதுகள், தொழிலின் முந்தைய மாதங்களின் வரவு செலவுக் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்துவைக்கவேண்டும். புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு முந்தைய கணக்கு இராது. அவர் இழந்த இலாபத்தை மெய்ப்பிப்பது கடினம் என்பதால், குறித்துவைத்த இழப்பீட்டுத் தொகை அவருக்கே மிகவும் தேவை. உரிமையாளருக்கும் இந்த எழுத்தால் நன்மை உண்டு. தாம் எதற்கு வாக்களித்தோம், எதற்கு வாக்களிக்கவில்லை என்பதை அது வரையறுத்துவிடுகிறது.